தேக்குக் கன்றில் ஒட்டியிருக்கும் மரத்தூள் கட்டி: உள்ளே இருப்பது எது?

நீலகிரியின் பந்தலூர் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். தேயிலைத் தோட்டத்து வேலியோரம் வைத்த மூன்று வருடத் தேக்குக் கன்றுகளில், முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே, மரத்தூள் கட்டியாக ஒட்டியிருக்கிறது. சுரண்டிப் பார்த்தால் வட்டமான துளை. உள்ளே இருந்த புழு சட்டென்று பின்வாங்கி மறைந்துவிட்டது. இது என்ன, தேயிலைக்குப் பரவுமா, மருந்து அடிக்கலாமா, இதன் அந்துப்பூச்சியை ஊரில் யாருமே பார்த்ததில்லையே, ஏன்? இவைதான் உங்கள் கேள்விகள். முதல் மூன்றுக்கும் பதில் சுருக்கமானது. நாலாவதில்தான் விஷயமே இருக்கிறது.

நீங்கள் சொல்கிற அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது தேக்குக் கன்று துளைப்பான். அறிவியல் பெயர் சஹ்யாத்ரசஸ் மலபாரிகஸ். தேக்கின் பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர, இது தேக்கை மட்டும் தேடுகிற பூச்சி அல்ல. கற்பூர மரம் (யூகலிப்டஸ்), குமிழ் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட செடி மர வகைகளில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய பகுதிகளுக்கே உரிய இனம்.

தேக்கு என்றதும் இங்கே எல்லோரும் பேசுவது இலை தின்னும் புழுவைத்தான். மழை தொடங்கியதும் தோப்பு முழுக்கத் துளிரைத் தின்று நரம்பை மட்டும் மிச்சம் வைத்து, நூலில் தொங்கிக்கொண்டு நம் தோளில் விழுமே, அது. நாடுகாணி மலைப்பாதையில் இறங்கினால் வருகிற நிலம்பூரில் 1840களில் தேக்குத் தோட்டம் போட ஆரம்பித்த காலத்துக்குப் பிறகு அந்த இலைப்புழுவைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். கன்று துளைப்பானுக்கு அந்தப் பெருமை கிடைக்கவில்லை. கூட்டமாக வராது, தோப்பை மொட்டையடிக்காது. ஒரு கன்றில் பெரும்பாலும் ஒரே புழு, தன் துளையில் தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்துவிடும்.

சரி, வேறு துளைப்பானாக இருக்கக்கூடாதா? நியாயமான சந்தேகம். உங்கள் பகுதியில் தேயிலையும் காப்பியும் கலந்து இருப்பதால் குறைந்தது மூன்றோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. தண்டிலிருந்து உருண்டை உருண்டையாக எச்சம் தரையில் கொட்டிக்கிடந்து, மேலே உள்ள கிளை வாடியிருந்தால் அது சிவப்புத் துளைப்பான். தேயிலை, காப்பி இரண்டிலும் வரும். புழுவே சிவப்பாக இருக்கும். அராபிகா காப்பியில் பட்டை மேல் வரி வரியாகப் புடைத்து, இலை மஞ்சளாகி, வெளியே தூளே தெரியாவிட்டால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான். அது அந்துப்பூச்சியே அல்ல, வண்டு. கொய்யா, மா, முருங்கை மாதிரி மரங்களில் பட்டை மேலே நாடா போல வளைந்து வளைந்து எச்சப்பாதை ஓடினால் அது பட்டை தின்னும் புழு. நீங்கள் பார்த்தது இவை எதிலும் சேராது. ஒரே இடத்தில் தடிமனாக, வறட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து அப்பியது போல ஒட்டியிருந்தது என்கிறீர்கள். அந்தக் கட்டி ஒன்றே போதும்.

அந்தக் கட்டியைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பாருங்கள். மழை நாளில் வேண்டாம், ஈரத்தில் கூழாகிவிடும். வெயில் நாளில் பேனாக்கத்தியின் நுனியை ஒரு ஓரத்தில் விட்டு நெம்பினால், தூள் உதிராமல் பாயாக எழுந்து வரும். உதிராததற்குக் காரணம், ஒவ்வொரு சிராய்த் துண்டையும் புழு தன் பட்டு நூலால் அடுத்ததோடு தைத்திருக்கிறது. வெளிப்பக்கம் சொரசொரவென்று இருக்கும். உள்பக்கம் நூலால் மெழுகிய வழவழப்பு. பாயை முழுதும் எடுத்தால் நடுவில் துளை, அதைச் சுற்றிப் பட்டை தின்னப்பட்ட வட்டம். அந்த வட்டத்தின் விளிம்பைப் பாருங்கள்: காய்ந்த வெட்டுக்காயமாக இருக்காது. பச்சையாக, சற்றே புடைத்து, புதுத் திசு வளர்ந்துகொண்டிருக்கும்.

அந்தப் புதுத் திசுதான் இந்தப் புழுவின் சாப்பாடு. பெரும்பாலானவர்கள் துளையைப் பார்த்து, புழு மரத்தை உள்ளேயிருந்து தின்கிறது என்றே முடிவு கட்டுகிறார்கள். துளை அதற்கு வீடு மட்டும்தான். தண்டுக்குள் குறுக்காகப் போய், பிறகு தண்டின் நடுவிலுள்ள மெத்தென்ற சோற்றின் வழியே நீளமாகக் குடைந்த சுரங்கம் அது. பகலில் அங்கே தங்கும். ஆபத்து என்றால் அங்கே ஓடும். சாப்பிடுவது வாசலில், பாயின் மறைவில். மரம் காயத்தை ஆற்றுவதற்காக விளிம்பில் திசுவை வளர்க்கும். புழு அதைக் கடித்துக்கொள்ளும். மரம் மறுபடி வளர்க்கும். கன்று சாகாமல் இருந்தால்தான் புழுவுக்குச் சோறு. அதனால்தான் துளை விழுந்த கன்றுகள் பெரும்பாலும் இலை வாடாமல் நிற்கின்றன, நீங்களும் கட்டியைக் கண்ணால் பார்க்கும்வரை எதையும் கவனிக்கவில்லை.

பின்னே ஆபத்து எங்கே என்றால், காற்றில். நடுவில் குடைந்த மெல்லிய கன்று ஆடி மாதக் காற்றுக்குத் துளை இருக்கும் இடத்தில் முறியும். பந்தலூர், தேவாலா மழையும் காற்றும் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்டு பெருத்துவிட்ட மரத்துக்கு இந்தப் பூச்சியால் கவலை இல்லை. அது தேடுவது கன்றுப் பருவத் தண்டைத்தான். புழு போன பிறகு துளையை மரம் மூடிக்கொள்ளும். மரத்தை அறுக்கும்போது நடுவில் ஒரு கறுத்த தடம் தெரியும், அவ்வளவுதான்.

தேயிலைக்குப் பரவவே பரவாது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அதற்காகப் பெரிதாகப் பயப்படவும் வேண்டாம். உங்கள் தேயிலைச் செடியில் துளை இருந்தால், இதைவிட முதலில் சந்தேகப்பட வேண்டியது மேலே சொன்ன சிவப்புத் துளைப்பானை.

மருந்து விஷயம். வேலியோரத்தில் நாலைந்து கன்று என்றால் தெளிப்பு மருந்து தேவையே இல்லை; அதுவும் கொழுந்து பறிக்கிற வரிசைக்குப் பக்கத்தில் அடிப்பது வம்பை விலைக்கு வாங்குவது. தெளித்தாலும் துளைக்குள் போகாது, பாய் தடுத்துவிடும். கட்டியை எடுத்துவிட்டு, மெல்லிய இரும்புக் கம்பியைத் துளைக்குள் விட்டுக் குத்தினால் போதும். சுரங்கம் பெரும்பாலும் கீழ்நோக்கிப் போவதால் கம்பியின் நுனியைச் சற்று வளைத்துக்கொள்ளுங்கள். கம்பி எட்டவில்லை என்று தோன்றினால் பெட்ரோலில் நனைத்த பஞ்சை அடைத்துக் களிமண்ணால் மூடுவது ஊரறிந்த வழி. அப்புறம் கன்றுக்கு ஒரு முட்டுக்கம்பு கட்டுங்கள். என்னைக் கேட்டால், முட்டுக்கம்பு கட்டுவதுதான் முதல் வேலை. புழுவைக் கொல்வது இரண்டாம்பட்சம். ஏக்கர் கணக்கில் தோப்பு போட்டவர்கள் கதை வேறு. அவர்களுக்காகக் கேரள வன ஆராய்ச்சி நிலையத்தில், திருச்சூர் அருகே பீச்சியில், 1980களின் தொடக்கத்தில் கே. எஸ். எஸ். நாயர் இந்தப் பூச்சியை ஆராய்ந்தார். எந்தப் பருவத்தில் வருகிறது, எந்தெந்தச் செடிகளில் இருக்கிறது, எப்படிக் கட்டுப்படுத்துவது என்று நமக்கு இன்று தெரிந்ததில் பெரும்பகுதி அந்த வேலையிலிருந்து வந்தது.

அந்த ஆய்வில் கிடைத்த உபயோகமான செய்தி ஒன்று. காட்டில் இதற்கு மிகவும் பிடித்த வீடு தேக்கு அல்ல, ட்ரீமா என்கிற சிறு மரம். மலையாளத்தில் ஆமத்தாளி என்பார்கள். பெயர் தெரியாவிட்டாலும் நீங்கள் தினமும் பார்க்கிற மரம்தான்: மண்சரிந்த இடம், புதிதாக வெட்டிய சாலையோரம், கைவிட்ட தோட்டம் என்று வெறும் மண் தெரிந்தால் முதலில் முளைப்பது. இலையின் விளிம்பில் ரம்பப்பல், தொட்டால் சொரசொரப்பு, காம்பருகே இலை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருக்கும். சாலையோரம் வெள்ளைப் பூங்கொத்தோடு நிற்கும் பெருகிலைச் செடியிலும் இந்தப் பூச்சி இருக்கும். அதனால் தேக்குத் தோப்புக்குள் இந்த இரண்டையும் விடாதீர்கள் என்பது நிபுணர்களின் யோசனை. தோப்புக்கு அது சரி. வேலியோரத்துக்கு அதே கணக்கைப் போட்டு ஓடையோரம் நிற்கிற ட்ரீமாவையெல்லாம் வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதன் பழத்துக்கு எத்தனை கொண்டைக்குருவி வருகிறது என்று ஒரு காலை வேளையில் நின்று பாருங்கள். சரிந்த மண்ணை அந்த இடத்தில் பிடித்து வைத்திருப்பதும் அதுதான்.

இனி நாலாவது கேள்வி.

உங்கள் பகுதியில் அட்லஸ் என்கிற பெரிய அந்துப்பூச்சியைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். சுவரில் ஒன்று வந்து உட்கார்ந்தால் தெருவே போனை எடுத்துக்கொண்டு வந்துவிடும், மறுநாள் செய்தித்தாளிலும் வரும். கன்று துளைப்பானின் அந்துப்பூச்சியும் சின்னது அல்ல. சிறகை விரித்தால் உங்கள் கைவிரல் நீளத்தைத் தாண்டும். ஆனால் நிறம் சாம்பலும் பழுப்பும் கலந்த திட்டுகள். உட்காரும்போது சிறகைக் கூரை போலச் சரித்து, நீளவாக்கில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, முன்கால்களால் தண்டைப் பற்றித் தொங்கும். பட்டையில் ஒரு சிராய் உரிந்து நிற்கிறது என்று நினைத்துக் கடந்து போவோம். விளக்கு வெளிச்சத்துக்கு வந்து விழுந்தாலும், அழகில்லாத விட்டில் என்று பெருக்கித் தள்ளிவிடுவோம்.

நிறம் மட்டும் காரணமல்ல. இது பூச்சியாகப் பறந்து திரியும் காலம் ரொம்பக் குறைவு. ஏப்ரல், மே மாதங்களில், கோடை மழை பெய்யும் சமயத்தில் வெளியே வரும். இது ஹெபியாலிடே என்கிற குடும்பம்; இந்தக் குடும்பத்துப் பூச்சிகளுக்கு உறிஞ்சுகுழல் வேலைக்கு உதவாது. பூவுக்குப் போகாது, தேன் குடிக்காது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்புதான் கடைசிவரை. பறப்பதும் பொழுது சாய்ந்து இருட்டுவதற்கு இடைப்பட்ட சிறிது நேரம்தான் இவற்றின் வழக்கம். அந்த நேரத்தில் மலையில் யார் வெளியே நிற்கிறார்கள்? மாட்டைக் கட்டிவிட்டு, யானை வருவதற்குள் வீட்டுக்குள் போகிற நேரம் அது. ஆண்டு முழுக்கப் புழுவாகத் துளைக்குள். சில புழுக்கள் இரண்டு ஆண்டுகூட எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கிற சில நாட்களில், அதுவும் அந்திப்பொழுதில் மட்டும், வெளியே. பார்த்தவர்கள் இல்லாததில் ஆச்சரியம் என்ன?

பூச்சி ஆர்வலர்களும் இதைத் தவறவிடுவதற்கு இன்னொரு காரணத்தை நான் சொல்வேன். உலகெங்கும் அந்துப்பூச்சி வாரம் என்று 2012 முதல் கொண்டாடுகிறார்கள், நம் ஊர்களிலும் பூச்சியை வரவழைக்க வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அது ஜூலைக் கடைசியில் வருகிறது. அமெரிக்காவில் தொடங்கியது, அங்கே கோடைக்காலம், பொருத்தம்தான். கூடலூர், பந்தலூரில் ஜூலைக் கடைசி என்றால் துணி கட்டினால் துணியே நிற்காது. நம் பூச்சியோ அதற்குள் முட்டை போட்டு முடித்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். நீலகிரிக்கு என்று தனியாக ஒரு வாரம் வைப்பதாக இருந்தால் மே மாதத்தில் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

முட்டை என்றதும் சொல்ல வேண்டியது இருக்கிறது. மற்ற அந்துப்பூச்சிகளில் பல, புழுவுக்கு ஏற்ற செடியைத் தேடிப் பிடித்து அதில் முட்டையை ஒட்டும். இந்தக் குடும்பத்தில் அந்த அக்கறை கிடையாது. பெண்பூச்சி பறந்துகொண்டே முட்டைகளை விதைத்தூவல் மாதிரி கீழே உதிர்த்துக்கொண்டு போகும். அதனால் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருந்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் இதன் உறவுக்கார இனம் ஒன்றில் ஒரே பெண் 29,100 முட்டை போட்டதாகவும், அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் மேலும் 15,000 இருந்ததாகவும் பதிவு உண்டு. விழுந்ததில் எத்தனை பொரித்து, எத்தனை கன்றுவரை வந்து சேரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் தரையில் விழுந்த முட்டையிலிருந்து வந்த புழு உங்கள் தேக்குக்கு எப்படி ஏறியது? நியூசிலாந்தில் புரிரி என்கிற பச்சை நிற அந்துப்பூச்சி இருக்கிறது, இதே குடும்பம். அதன் குஞ்சுப்புழுக்கள் முதலில் காட்டுத் தரையில் விழுந்து கிடக்கும் மரக்கட்டைகளில் பூஞ்சையைத் தின்று வளர்கின்றன. ஓரளவு பெரிதான பிறகே உயிருள்ள மரத்துக்கு ஏறித் துளை போடுகின்றன. துளை போட்டபின் அதுவும் வாசலில் பாய் நெய்து, மரம் வளர்க்கும் புதுத் திசுவைத்தான் தின்கிறது. பந்தலூர்ப் புழுவும் நியூசிலாந்துப் புழுவும் அச்சு அசலாக ஒரே குடித்தனம் நடத்துகின்றன. இது மிகப் பழைய குடும்பம். முன்சிறகும் பின்சிறகும் நரம்பமைப்பில் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது, இரண்டையும் இணைக்க முன்சிறகின் அடியில் ஒரு சிறு மடல் மட்டும் இருப்பது, மீசை மிகக் குட்டையாக இருப்பது எல்லாம் பழைய பாணி அந்துப்பூச்சியின் அடையாளங்கள். இமயமலையில் கீடா ஜடி என்று கிலோ பல லட்சத்துக்கு விற்கிறார்களே, புழுவில் முளைத்த பூஞ்சை, அந்தப் புழுவும் இந்தக் குடும்பம்தான். உங்கள் தேக்கில் இருப்பதை யாரும் அந்த விலைக்கு வாங்க மாட்டார்கள், ஆசைப்பட வேண்டாம்.

இதற்கு முதலில் பெயர் வைத்தவர் ஃப்ரெடரிக் மூர், 1879இல். நீலகிரியின் அந்துப்பூச்சிகளைப் பற்றிப் படிக்கப் போனால் தவிர்க்க முடியாத இன்னொரு பெயர் ஜார்ஜ் ஹாம்ப்சன். நீலகிரியில் தேயிலை பயிரிட்டவர். இங்கே இருந்தபோதே பூச்சி சேர்த்து, ஊர் திரும்பி லண்டன் அருங்காட்சியகத்தில் வேலைக்கு உட்கார்ந்து, 1891இல் நீலகிரி மாவட்டத்துப் பூச்சிகளுக்கென்றே ஒரு தொகுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டு தொடங்கி 1896க்குள் இந்திய அந்துப்பூச்சிகளுக்கு நான்கு தொகுதிகள். 130 வருடம் ஆன பிறகும் நீலகிரியில் ஓர் அந்துப்பூச்சியின் பெயரை உறுதிசெய்ய அவரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. அவருக்கு அது பெருமை. நமக்கு என்னவென்று நீங்களே சொல்லுங்கள். கடைசியாக 1941இல், ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் நிலங்களை வரைபடமாக்கியதற்காக அறியப்பட்ட நார்மன் டிண்டேல், இந்தக் குடும்பத்தையே வரிசைப்படுத்துகையில் நம் பூச்சிக்கு சஹ்யாத்ரி (மேற்குத் தொடர்ச்சி) மலையின் பெயரில் தனிப் பேரினம் உண்டாக்கினார். அந்தப் பேரினத்தில் வேறு இனம் கிடையாது, இது ஒன்றுதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒன்றையாவது பார்க்க வேண்டும் என்று தோன்றினால், உங்கள் வேலியோரம்தான் அதற்குச் சரியான இடம். எல்லாக் கன்றிலும் கம்பியை விட வேண்டாம். முறிந்தாலும் பரவாயில்லை என்று தோன்றுகிற ஒரு கன்றை, அல்லது பக்கத்தில் நிற்கிற ட்ரீமாவை, விட்டுவையுங்கள். மார்ச் மாதக் கடைசியில் கட்டி இருக்கும் இடத்தைச் சுற்றிக் கொசுவலைத் துணியைத் தளர்வாகப் பை போலக் கட்டிவிடுங்கள். மேலேயும் கீழேயும் கயிறு இறுக்கமாக இருக்கட்டும், நடுவில் சிறகு விரிய இடம் இருக்கட்டும். இந்தக் குடும்பத்தின் கூட்டுப்புழு அசையாமல் கிடக்கிற ரகம் அல்ல. சுரங்கத்துக்குள் மேலும் கீழும் நெளிந்து போகும். பூச்சி வெளிவரும் நாளன்று வாசல்வரை வந்து பாதி உடம்பை வெளியே நீட்டும். காலியான கூடு துளையில் செருகி நிற்பதைப் பார்த்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். மழை பெய்த மறுநாள் மாலைகளில் தவறாமல் எட்டிப் பாருங்கள்.

படம் எடுக்கும்போது மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் மீசை தெரிய ஒன்று, சிறகு விரிந்த நிலையில் முடிந்தால் ஒன்று, பக்கத்தில் அளவு தெரிய ஒரு நாணயம். எந்தச் செடியில் இருந்தது, தண்டின் சுற்றளவு எவ்வளவு, தரையிலிருந்து எவ்வளவு உயரம், தேதி, மழை பெய்ததா என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து அதையும் படம் எடுத்துவிடுங்கள். பிறகு துணியை அவிழ்த்துவிடுங்கள், இருட்டுவதற்கு முன்பே.